பட்டனைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்: பெரிய ஆஃப்ரோடு டயர்களின் சொகுசும் தேய்மானமும்

பிக்கப், ஜீப், பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர்கள் டயர் மாற்றக் கிளம்பினால் பேச்செல்லாம் இரண்டு விஷயத்தைச் சுற்றியே வரும்: எத்தனை இன்ச், பட்டன், அதாவது டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள், எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது. கூடவே "10 ப்ளை போடுங்க, அதுதான் ஸ்ட்ராங்" என்ற அறிவுரையும் இலவசமாகக் கிடைக்கும். மாற்றிய பிறகு வண்டி சின்னப் பள்ளத்துக்கும் தூக்கிப் போடுகிறது. கொஞ்ச நாளில் டயரின் நடுப்பகுதி மட்டும் மொட்டையாகிறது. பழி தயாரித்த கம்பெனியின் மேல் விழுகிறது. பெரும்பாலும் டயரில் குறை இருப்பதில்லை. வண்டியின் எடைக்குப் பொருந்தாத டயர், அந்த டயருக்குப் பொருந்தாத காற்று, இவை இரண்டும்தான் சிக்கல்.

எடையைத் தாங்குவது ரப்பரா, காற்றா?

சைக்கிளில் காற்றை இறுக்கி அடித்துத் தனியாக ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் கையில் தெரியும். அதே காற்றில் பின்னால் ஓர் ஆளை ஏற்றினால் ஓட்டம் மென்மையாகிவிடும். காற்று இறங்கிய நிலையில் ஆளை ஏற்றினால் ரிம் தரையில் இடிக்கும். டயர் மாறவே இல்லை. எடைக்கும் காற்றுக்கும் உள்ள பொருத்தம்தான் மாறியது.

பெரிய டயரிலும் இதே கதைதான். எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் பைதான். அந்தப் பையும் கொஞ்சம் எடை தாங்கும், ஆனால் அது சிறு பங்கு.

ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். காற்றழுத்தத்தை அளக்கும் அலகு பிஎஸ்ஐ. 35 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.46 கிலோ அழுத்தம். 600-ஐ 2.46-ஆல் வகுத்தால் 244. அதாவது டயர் தரையோடு ஒட்டும் பரப்பு ஏறக்குறைய 244 சதுர சென்டிமீட்டர். 50 பிஎஸ்ஐ அடித்தால் அது 171-க்கு இறங்கும். 65 அடித்தால் 131. பையின் விறைப்பால் உண்மையான அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும், போக்கு இதுதான்.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். "அகல டயர் போட்டால் ரோட்டைக் கூடுதலாகப் பிடிக்கும்" என்று சொல்வதில் பாதிதான் உண்மை. காற்றழுத்தத்தைக் குறைக்காதவரை ஒட்டும் பரப்பு கிட்டத்தட்ட அதேதான். அதன் வடிவம்தான் நீளம் குறைந்து அகலமாகிறது. பெரிய டயரின் உண்மையான லாபம் வேறு. உள்ளே காற்றுக்கு இடம் அதிகம் இருப்பதால், அதே எடையை அது குறைந்த அழுத்தத்திலேயே தாங்கும். அழுத்தம் குறைந்தால்தான் கல்லும் குழியும் டயருக்குள்ளேயே அமுங்கிப் போகும். பெரிய டயரைப் போட்டுவிட்டு அதில் கண்டபடி காற்றை ஏற்றுகிறவர், அந்த லாபத்தை முதல் நாளே கைவிட்டுவிடுகிறார்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: எடையைத் தாங்குவது காற்று. சொகுசைத் தருவது, அந்த எடைக்குப் போதுமான ஆனால் அதற்கு மேல் போகாத அழுத்தம்.

"10 ப்ளை" என்றால் பத்து அடுக்கு இல்லை

ப்ளை என்பது டயரின் பைக்குள் இருக்கும் இழை அடுக்கு. பருத்தி நூலில் டயர் செய்த காலத்தில் அடுக்குகளை எண்ணிப் பலத்தைச் சொன்னார்கள். இன்றைய பாலியெஸ்டர் இழைகள் பல மடங்கு உறுதியானவை. "10 ப்ளை" என்று விற்கும் டயரின் பக்கச்சுவரில் உண்மையில் இரண்டு அல்லது மூன்று அடுக்குகள்தான் இருக்கும். அந்த எண், பத்துப் பருத்தி அடுக்குக்கு இணையான பலம் என்பதை மட்டும் குறிக்கிறது.

இப்போது அதற்குப் பதிலாக லோடு ரேஞ்ச் என்ற எழுத்தைப் போடுகிறார்கள். டயர் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு எடை தாங்கும் என்பதன் படிநிலை அது. இலகு லாரி வகை டயர்களில், அதாவது அளவுக்கு முன்னால் "எல்டி" என்று போட்டிருக்கும் டயர்களில், வழக்கமாக 'சி' என்பது 6 ப்ளை, உச்ச அழுத்தம் 50 பிஎஸ்ஐ. 'டி' என்பது 8 ப்ளை, 65. 'இ' என்பது 10 ப்ளை, 80. மிக அகலமான அளவுகளில் இந்த உச்சம் குறையும், 35×12.50 ஆர் 17 அளவில் (35 அங்குல விட்டம், 12.5 அங்குல அகலம், 17 அங்குல ரிம்) 'இ' டயருக்கு 65 என்று இருப்பதைப் பார்க்கலாம்.

பலரும் சறுக்குவது இங்கேதான். பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அந்த 80, அடிக்கச் சொல்லும் அளவு இல்லை. அந்த டயர் தன் முழுச் சுமையையும் தாங்கும்போது தேவைப்படும் அழுத்தம். பக்கத்திலேயே 121/118 என்பது போல ஓர் எண் இருக்கும். அது சுமைக் குறியீடு. 121 என்றால் ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது ஒரு டயர் 1450 கிலோ; 118 என்றால் இரட்டைச் சக்கரமாக ஓடும்போது ஒவ்வொன்றும் 1320 கிலோ. உங்கள் வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 600 கிலோதான் வருகிறது என்றால், அந்த உச்ச அழுத்தத்தை ஏற்றுவது வீண் முரட்டுத்தனம். டயர் பீப்பாய் போல் உப்பி, நடுப்பகுதியில் மட்டும் தரையைத் தொடும். உங்கள் இடுப்பு வலிக்கும், டயரின் நடு தேயும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வண்டியோடு வந்தது கார் வகை டயர். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 35 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. எல்டி டயர் மாட்டிய பிறகும் அதே 35 போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எல்டி டயர், கார் டயரைவிடக் கூடுதல் அழுத்தத்தில்தான் அதே எடையைத் தாங்கும்படி கணக்கிடப்பட்டது. அதனால் அதே அளவு டயருக்கு மாறும்போது ஸ்டிக்கரில் உள்ளதைவிடச் சில பிஎஸ்ஐ கூட்ட வேண்டியிருக்கும். 80-ம் தவறு, கண்ணை மூடிக்கொண்டு 35-ம் தவறு.

பிறகு எதற்கு 'இ' டயர்? நிரந்தரமாகச் சுமை ஏற்றுபவர், டிரெய்லர் இழுப்பவர், கூர்மையான பாறைகளின் மேல் ஏறி இறங்குபவர், இவர்களுக்கு அது தேவை. தடித்த பக்கச்சுவர் கிழிசலைத் தாங்கும். மற்றவர்களுக்கு, ஒரே அளவு 'சி'-யிலும் 'இ'-யிலும் கிடைத்தால், 'சி' எடுப்பதுதான் என் பரிந்துரை. எடை சில கிலோ குறையும், பக்கச்சுவர் எளிதாக வளையும். வண்டியின் எடையைவிடத் தாங்குதிறன் தாராளமாக மிஞ்சினால் போதும். மூன்று மடங்கு மிஞ்சினால் மூன்று மடங்கு பாதுகாப்பு என்று ஆகாது.

பக்கச்சுவரின் உயரம்

285/70 ஆர் 17 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 285 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல், அதாவது பையின் இழைகள் டயரின் குறுக்கே நேராக ஓடும் வகை. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவர் 285-இல் 70 சதவீதம், 199.5 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு முறை கூட்டி, ரிம்மின் 431.8-ஐச் சேர்த்தால் மொத்த விட்டம் 831 மில்லிமீட்டர், ஏறக்குறைய 32.7 அங்குலம்.

இப்போது 275/60 ஆர் 20. மொத்த விட்டம் 838 மில்லிமீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். ஆனால் இதன் பக்கச்சுவர் 165 மில்லிமீட்டர்தான். பள்ளத்தை விழுங்க வேண்டிய ரப்பரில் 34 மில்லிமீட்டருக்கு மேல் போய், அங்கே உலோகம் வந்து உட்கார்ந்துவிட்டது. பெரிய ரிம் பார்வைக்கு அழகுதான். கரடுமுரடான தடத்தில் சொகுசு வேண்டுமென்றால், வண்டியின் பிரேக் இடம் கொடுக்கும் அளவுக்குச் சின்ன ரிம்மைத் தேர்ந்தெடுங்கள்.

ரிம்மின் அகலமும் முக்கியம். 285/70 ஆர் 17 டயருக்கு 7.5 முதல் 9 அங்குல அகல ரிம் பொருந்தும். குறுகலான ரிம்மில் அகல டயரை மாட்டினால் இரு பக்கச்சுவர்களும் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி மேடாகும். காற்றைச் சரியாக வைத்தாலும் நடு தேய்வதற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு டயருக்கும் பொருந்தும் ரிம் அகலத்தைத் தயாரிப்பாளர் வெளியிடுகிறார். வாங்கும் முன் பாருங்கள்.

எடை ஏறினால் என்ன ஆகும்?

ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றின் எடையையும், அதாவது டயர், ரிம், பிரேக், ஆக்சில், இவற்றை ஸ்பிரிங் தாங்காத எடை என்பார்கள். சக்கரம் மேட்டில் ஏறித் துள்ளும்போது, அதைத் திரும்ப ரோட்டில் அமர்த்துவது ஷாக் அப்சார்பரின் வேலை. சக்கரம் கனமானால் அந்த வேலை கடினமாகும். ஒவ்வொரு மூலையிலும் ஏழெட்டுக் கிலோ கூடினாலே, சின்னச் சின்ன மேடுகளில் வண்டி தடதடப்பதை உணரலாம். பிரேக் பிடித்து நிறுத்தவும் கூடுதல் தூரம் வேண்டும், ஏனென்றால் கனம் விளிம்பில் சுழல்கிறது. பழைய ஷாக்குகளை வைத்துக்கொண்டு 35 அங்குல டயரை மாட்டிவிட்டு "டயர் ஹார்டு" என்று சொல்வது நியாயமில்லை.

விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். 265/70 ஆர் 17-இன் விட்டம் 803 மில்லிமீட்டர். பெயரளவில் 35 அங்குல டயர் 889. வித்தியாசம் 10.7 சதவீதம். முள் 100 காட்டும்போது வண்டி 110-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். கியர் விகிதமும் அதே அளவு தளர்கிறது. இழுவை குறைந்ததுபோல் தோன்றுவது அதனால்தான். (பெயரில் 35 என்று போட்டிருந்தாலும் அளந்து பார்த்தால் பல டயர்கள் அரை அங்குலம் வரை குறைவாக இருக்கும்.)

பட்டனும் இரைச்சலும்

இப்போதுதான் பட்டனுக்கு வருகிறோம். ஹைவே வகையில் பட்டன்கள் சிறியவை, நெருக்கமானவை. மட் டெரெய்ன் எனப்படும் சேற்று டயரில் பட்டன்கள் பெரியவை, இடைவெளி அகலம். ஒட்டிய சேறு சுழலும்போது தானாகத் தெறித்து விழ அந்த இடைவெளி வேண்டும். ஆல் டெரெய்ன் இரண்டுக்கும் நடுவில். பட்டனின் ஆழம் கார் டயரில் 8 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், ஆல் டெரெய்ன் எல்டி டயரில் 12 அளவில், சேற்று டயரில் 14 முதல் 16 வரை.

ஆழம் அதிகம், ஆகவே ஆயுள் அதிகம் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. சேற்று டயரில் இடைவெளி அதிகம் என்பதால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. அதே எடையைக் குறைந்த ரப்பர் சுமக்கிறது. உயரமான பட்டன் ஒவ்வொரு சுற்றிலும் சாய்ந்து நிமிர்கிறது. அந்தச் சாய்வில் பட்டனின் ஒரு ஓரம் தரையில் உரசித் தேய்கிறது, ரப்பரும் சூடாகிறது. கையை டயரின் சுற்றுவட்டத்தை ஒட்டி ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பம் போல் கூராகவும் இருந்தால், அது இந்தத் தேய்மானம்தான். வந்துவிட்டால் இரைச்சல் மாதத்துக்கு மாதம் கூடும். பாறையைப் பிடிப்பதற்காக மென்மையாகக் கலந்த ரப்பர் என்றால் இன்னும் சீக்கிரம்.

ஓட்டத்தில் பெரும்பகுதி தார் ரோட்டில் என்றால் ஆல் டெரெய்ன் போதும். சேற்று டயர், உண்மையிலேயே சேற்றில் இறங்குபவருக்கு.

ரேடியல் அல்லாத வகையை, அதாவது நைலான் டயரை, இன்னும் சிலர் ஆஃப்ரோடுக்காக மட்டும் வாங்குகிறார்கள். அதன் பக்கச்சுவர் உறுதியானது. ஆனால் இரவு முழுக்க நின்றால் அடிப்பகுதி தட்டையாகி, காலையில் சூடாகும்வரை வண்டி குதிக்கும். தினசரி ஓட்டத்துக்கு அதைத் தொடாதீர்கள்.

மொத்தத்தில், சொகுசைத் தீர்மானிப்பவை அழுத்தம், பையின் விறைப்பு, பக்கச்சுவரின் உயரம், சக்கரத்தின் எடை. பட்டன் இரைச்சலையும் தேய்மானத்தையும் தீர்மானிக்கிறது.

சரியான அழுத்தத்தைக் கண்டுபிடிப்பது

முதலில் வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள். வழக்கமாக ஏற்றும் ஆள், சாமான், நிரம்பிய டேங்க், எல்லாவற்றோடும். முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக. ஒவ்வொன்றையும் இரண்டால் வகுத்தால் ஒரு சக்கரத்தின் சுமை. முன்னால் 1300 கிலோ, பின்னால் 1100 என்றால், சக்கரத்துக்கு 650-ம் 550-ம்.

அடுத்து டயர் தயாரிப்பாளரின் சுமை-அழுத்த அட்டவணை. உங்கள் அளவுக்கான வரியில், அந்தச் சுமையைத் தாங்கும் மிகக் குறைந்த அழுத்தத்தைப் பாருங்கள். அதோடு ஒரு சில பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த டயர், ஸ்டிக்கர் அழுத்தத்தில் எவ்வளவு தாங்குமோ, புதியதும் குறைந்தது அவ்வளவு தாங்க வேண்டும் என்பது இன்னொரு எல்லை. இரண்டில் எது அதிகமோ அதை எடுங்கள். முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் வரவேண்டிய கட்டாயம் இல்லை.

பிறகு சாக்பீஸ் சோதனை. சமதளமான, காய்ந்த ரோட்டில் டயரின் குறுக்கே தடிமனாகக் கோடு போட்டு, நேராக ஐம்பது அறுபது மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. இரண்டு மூன்று பிஎஸ்ஐயாக மாற்றித் திரும்பச் செய்யுங்கள். ஓர் எச்சரிக்கை: விறைப்பான 'இ' டயரில், அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தும் கோடு சீராக அழியக்கூடும். எனவே அட்டவணை சொன்ன அளவுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

கடைசியாகச் சூட்டுச் சோதனை. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளப்பதுதான் குளிர் அழுத்தம். இந்தக் கட்டுரையில் சொல்லும் ஓட்ட அழுத்தம் எல்லாம் அதுவே. ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு அளந்தால் பொதுவாக 4 முதல் 6 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அதைவிட நன்றாகக் கூடியிருந்தால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளைந்து சூடாகிறது. குளிர்ந்த பிறகு கொஞ்சம் காற்று ஏற்றுங்கள். சூடாக இருக்கும் டயரிலிருந்து காற்றைத் திறந்துவிடுவது, பலரும் செய்யும், மிக மோசமான வழக்கம்.

மண்ணிலும் மணலிலும் இறங்கும்போது குறைப்பது வேறு கணக்கு. சரளைத் தடத்தில் 25-ஐ ஒட்டியும், மணலில் 15 முதல் 18 வரையும் இறக்கலாம். அப்போது டயரின் அகலத்தைவிட ஒட்டும் பரப்பின் நீளம்தான் அதிகம் கூடுகிறது. புதையாமல் மிதப்பது அதனால். 15-க்குக் கீழே போனால், சாதாரண ரிம்மில் திருப்பத்தில் டயர் கழன்றுகொள்ளும் அபாயம் உண்டு. வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள், தார் ரோட்டில் ஏறும் முன் காற்றை ஏற்றிவிடுங்கள். கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்கக் கூடாது.

தேய்மானம் சொல்லும் கதை

நடு தேய்ந்தால் காற்று அதிகம், அல்லது ரிம் குறுகல். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்தால் கேம்பர், அதாவது சக்கரம் நிமிர்ந்து நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. குறுக்காகக் கையை வைத்துத் தடவும்போது ஒரு திசையில் இறகு போல் வழுக்கி, மறு திசையில் தடுத்தால் டோ, அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் உட்புறமோ வெளிப்புறமோ திரும்பியிருப்பது. டோ கொஞ்சம் தவறினாலும் டயரைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகிறது என்பதால், டயரைத் தின்பதில் அதற்கு இணை இல்லை. வண்டியை உயர்த்தினால் கட்டாயம் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பெரிய டயர் மாட்டிய பிறகும் பார்த்துவிடுவது நல்லது. விட்டுவிட்டுக் குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் சந்தேகியுங்கள்.

பேலன்ஸ் செய்தும் ஸ்டீயரிங் அதிர்வது பெரிய டயரில் சாதாரணம். எடை சமமாக இருந்தாலும், சுற்றுவட்டத்தில் ஓரிடம் விறைப்பாகவும் ஓரிடம் மென்மையாகவும் இருக்கலாம். ஈயம் ஒட்டி இதைச் சரிசெய்ய முடியாது. உருளையை டயரின் மேல் அழுத்திச் சுழற்றி அளக்கும் ரோடு ஃபோர்ஸ் பேலன்சிங் இயந்திரம் உள்ள கடையில் காட்டினால், ரிம்மின் மேல் டயரைத் திருப்பி வைத்து அதிர்வைக் குறைப்பார்கள்.

5,000 முதல் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரங்களை இடம் மாற்றுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவு என்றால் அதையும் சுற்றில் சேருங்கள். நான்கு சக்கர ஓட்டத்தில் டயர்களின் விட்டம் வேறுபட்டால், முன் பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தைச் சுமக்க வேண்டிவரும். அப்போதெல்லாம் பட்டன் ஆழத்தை உள்ளே, நடுவே, வெளியே என மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிந்தவுடனே காரணத்தைத் தேடினால் டயரைக் காப்பாற்றலாம். கண்ணுக்கே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

கடையில் பணம் கொடுக்கும் முன் பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் சும்மா கிடந்தாலும் இறுகும். இறுகிய டயர் குலுக்கும், ஈர ரோட்டில் வழுக்கும். அந்த எண் சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். மாட்டிய பிறகு அது வண்டியின் உட்புறம் போய்விடலாம் என்பதால், ரிம்மில் ஏற்றும் முன்பே ஐந்து டயரிலும் பார்த்துவிடுங்கள்.